பூட்ட வேண்டியவையும் பூட்டக் கூடாததும்

இரண்டு ஆண் பிள்ளைகள் வளரும் வீட்டின் மாலைப் பொழுதை அறிந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒருவன் கணக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருப்பான். மற்றவன் அதன்மேல் உட்கார்ந்திருப்பான். குளியலறைக் குழாய் திறந்தபடி ஓடும். தட்டில் பாதி இட்டிலியும் அதன்மேல் நிறுத்தப்பட்ட ஒரு பொம்மைக் காரும் இருக்கும். தலையணை கிழிந்ததற்கு இருவரும் இருவேறு காரணம் கூறுவர். இரண்டிலும் குற்றவாளி எதிர்த்தரப்பே.

எங்கள் வீடும் இவ்வாறுதான். மூத்தவனுக்கு இப்போது 8 வயது. இளையவனுக்கு 5 வயது. நான் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரிபவன். பகலெல்லாம் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்களைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மாலையில் இந்தப் போர்க்களத்துக்குத் திரும்புகிறேன்.

அந்த இரைச்சலை அடக்கும் வழியைக் கூறுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. வளரும் பிள்ளைகள் இரையத்தான் செய்வார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே உயிருக்கு ஆபத்தானவை எவை, அவற்றை எவ்வாறு விலக்கி வைப்பது, மீறி ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பவற்றை, என் வீட்டில் நேர்ந்த ஒரு தவற்றிலிருந்து தொடங்கிச் சொல்ல விரும்புகிறேன். நோயாளியாக இங்கு வந்து மருந்துப் பையுடன் வீடு திரும்பும் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏனெனில் அந்தப் பைதான் இக்கட்டுரையின் மையப் பொருள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மூத்தவனுக்கு 6 வயதும் இளையவனுக்கு 3 வயதும் இருந்த காலம். என் தாயார் எங்களுடன் வசிக்கிறார். அவருக்கு நீரிழிவு உண்டு. மாத்திரை போட்டோமா இல்லையா என்று அவர் அடிக்கடி குழம்புவதால், வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு அறைகள் கொண்ட ஒரு நெகிழி மாத்திரைப் பெட்டியை நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். அட்டைகளிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, ஞாயிறு தோறும் அதில் நிரப்பி, அவருடைய கட்டிலருகே இருந்த சிறு மேசையின்மேல் வைப்பதும் என் வேலைதான்.

அன்று மாலை வீடு திடீரென அமைதியாயிற்று. செய்தித்தாளைக் கையில் வைத்திருந்த எனக்கு அந்த அமைதி பெரும் நிம்மதியாக இருந்தது. அரை மணி நேரம் எவ்வித ஐயமும் இன்றி அதை அனுபவித்தேன். பிறகு தாயாரின் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் இளையவன் போர்வை போர்த்திப் படுத்திருந்தான். மூத்தவன் என் பழைய ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டியிருந்தான். மாத்திரைப் பெட்டி திறந்து கிடந்தது. தரையில் மாத்திரைகள் சிதறியிருந்தன.

“யாருடா இதை எடுத்தது?” என்று நான் கத்தினேன்.

“நான் இல்லை” என்றான் மூத்தவன். “நான் இல்லை” என்று இளையவனும் ஒப்பித்தான்.

அதன்பின் நான் செய்தவற்றை நினைக்கும்போது இன்றும் வெட்கம் தோன்றுகிறது. பெட்டியைத் திறந்தது யார், பொய் சொல்வது யார் என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். குரல் உயர உயர மூத்தவனின் தலை தாழ்ந்தது. பத்து நிமிடங்களுக்கு மேல் இவ்வாறு கழிந்தன. இருபது ஆண்டுகளாக நோயாளிகளிடம் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு, சொந்த மகனிடம் ஒரே ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை.

என் தாயார் சமையலறையிலிருந்து வந்தார். மூத்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: “டாக்டர் ஐயா, உங்க நோயாளிக்கு என்ன மருந்து குடுத்தீங்க?”

அவன் நிமிர்ந்தான். “பச்சை மாத்திரை, பாட்டி. ரெண்டு. தம்பிக்குக் காய்ச்சல் நிறைய இருந்துச்சு.”

தாயார் தரையில் கிடந்த பச்சை மாத்திரைகளைப் பொறுக்கி எண்ணினார். திங்கள் முதல் சனி வரை ஆறு இருக்க வேண்டும், நான்கு இருந்தன. அவை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரைகள். அன்று காலையில் அவற்றை நிரப்பியவன் நான்.

விடியற்காலை மூன்று மணி

மருத்துவமனையை அடைந்தபோது இளையவன் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தான். இரத்தச் சர்க்கரை இயல்பான அளவிலேயே இருந்தது. “துப்பியிருப்பான், வீட்டுக்கு அழைத்துச் சென்று நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று கூற வாயெடுத்தேன். பணியிலிருந்த குழந்தை மருத்துவர் என்னைவிட வயதில் இளையவர். அவர் பணிவாகவும் உறுதியாகவும் மறுத்தார். ஒரு முழு நாள் உள்நோயாளியாக வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்றார்.

விடியற்காலை மூன்று மணிக்கு எடுத்த சோதனையில் சர்க்கரை அளவு 42 மில்லிகிராமாக இறங்கியிருந்தது. குழந்தை அமைதியாக உறங்குவதுபோலவே தோன்றினான். தலையணை மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. வீட்டில் இருந்திருந்தால், அலைந்து களைத்த பிள்ளை ஆழ்ந்து உறங்குகிறான் என்று போர்வையை இழுத்துவிட்டு நான் திரும்பிப் படுத்திருப்பேன். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்தப்பட்டது. அடுத்த நாள் முழுவதும் அளவு ஏறியும் இறங்கியும் நின்றது. மூன்றாம் நாள் அவன் நலமாக வீடு திரும்பினான்.

இதற்கிடையில், உடை மாற்றுவதற்காகத் திங்கட்கிழமை காலை வீட்டுக்குச் சென்றேன். மூத்தவன் பள்ளிக்குச் செல்லவில்லை. எதுவும் உண்ணவும் இல்லை. கதவோரம் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “அப்பா, தம்பி செத்துப் போனா, நான்தானே கொன்னது?”

மாத்திரைப் பெட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தவன் நான். குற்றத்தின் பாரத்தைச் சுமந்தவன் அவன்.

பெரியவரின் ஒரு மாத்திரை, குழந்தைக்கு எவ்வளவு?

பெரியவர்களுக்கான மாத்திரையின் அளவு, ஏறத்தாழ 60 அல்லது 70 கிலோ எடையுள்ள உடலைக் கருதித் தீர்மானிக்கப்படுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் எடை சுமார் 14 கிலோ. எனவே எடைக்கு எடை பார்த்தால், ஒரு மாத்திரை குழந்தையின் உடலில் நான்கைந்து மாத்திரைகளுக்கு நிகராகிறது. அதுமட்டுமன்று; நீரிழிவு உள்ளவரின் உயர்ந்த சர்க்கரையைக் குறைக்கும் மருந்து, இயல்பான சர்க்கரை உள்ள குழந்தையிடம் அதை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிப்பிசைடு ஆகியவை சல்போனைல்யூரியா என்னும் வகையைச் சேர்ந்தவை. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. ஒரே ஒரு மாத்திரைகூடச் சிறு குழந்தைக்கு வலிப்பையும் நினைவிழப்பையும் உண்டாக்கலாம். விளைவு பல மணி நேரம் தாமதித்தும் தோன்றலாம் என்பதே இவற்றின் வஞ்சகம். குழந்தை நன்றாக இருக்கிறதே என்று திருப்பி அழைத்துச் செல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒன்றிரண்டு மாத்திரைகளிலேயே குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய வேறு சில மருந்துகளும் பல வீடுகளில் உள்ளன:

• இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் நிபெடிபின், வெரபமில், டில்டியாசெம், அம்லோடிபின், புரோப்பிரனலால் போன்றவை. இவை குழந்தையின் இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் வீழ்த்தக்கூடும்.

• மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் போன்றவை. இவை வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாற்றையும் உண்டாக்கும்.

• மூட்டு நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின்.

• வலி நிவாரணிகளுள் டிரமடால், மார்ஃபின் போன்றவை. இவை மூச்சையே அடக்கிவிடும்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கருவுற்ற தாய்மார்களுக்கு அது அவசியமானது. ஆனால் இரண்டாவது குழந்தையைச் சுமக்கும் தாயின் வீட்டில், மூத்த குழந்தை தவழ்ந்தோ நடந்தோ கொண்டிருக்கும். சிவப்பு நிறமும் பளபளப்பும் கொண்ட அந்த மாத்திரை அதன் கண்ணுக்கு மிட்டாயாகவே தெரியும். பல மாத்திரைகளை விழுங்கினால் முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். பிறகு சில மணி நேரம் குழந்தை தேறியதுபோல் காணப்படும். அதன்பின் இரத்த ஓட்டமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். இடையில் வரும் அந்தத் தேற்றத்தை நம்பி ஏமாறக் கூடாது.

கண்டிப்பு ஏன் காப்பாற்றுவதில்லை?

“எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை” என்பது பெற்றோரின் பொதுவான முறையீடு. மூன்று வயதுக் குழந்தை கேட்கிறது. கேட்டதைத் திருப்பியும் சொல்கிறது. ஆனால் கண்ணெதிரே ஒரு பொருள் இருக்கும்போது, நேற்று கேட்ட தடையை நினைவில் கொண்டுவந்து தன் கையைத் தடுத்துக்கொள்ளும் ஆற்றல் அந்த வயது மூளையில் இன்னும் வளரவில்லை. அந்த ஆற்றலுக்குரிய முன்மூளைப் பகுதி முழுவதும் முதிர இருபது வயதையும் தாண்ட வேண்டும்.

மேலும் குழந்தைகள் நம் சொல்லைக் காட்டிலும் நம் செயலையே பின்பற்றுகிறார்கள். என் மூத்தவன் அன்று குறும்பு செய்யவில்லை. நாள்தோறும் நான் செய்வதைத்தான் செய்தான்: நோயாளியைப் படுக்க வைத்தான், மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தான், மருந்து கொடுத்தான், “கசக்கும், முழுங்கிடணும்” என்றும் சொல்லியிருக்கிறான்.

இருவர் இருக்கும் வீட்டில் இந்த ஆபத்து கூடுகிறது. தனிக் குழந்தைக்கு எட்டாத அலமாரி, அண்ணன் நாற்காலி போட்டால் தம்பிக்கும் எட்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2008-இல் வெளியிட்ட, சிறார் காயத் தடுப்பு குறித்த உலக அறிக்கையும், சிறுமியரைவிடச் சிறுவர்களே பொதுவாக அதிகம் காயமடைகின்றனர் என்பதைச் சுட்டிக்காட்டியுள்ளது.

அப்படியானால் வழி என்ன? கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் விண்ட்சர் நகரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். மாத்திரைகளை விழுங்கிய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து அளித்து மனம் சலித்தவர் அவர். பெற்றோருக்கு அறிவுரை கூறுவதோடு நில்லாமல், மருந்துப் புட்டியையே மாற்ற முனைந்தார். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினால் மட்டும் திறக்கும் மூடி 1967-இல் அவருடைய முயற்சியால் பயன்பாட்டுக்கு வந்தது. அப்பகுதியில் குழந்தைகளின் நச்சு விபத்துகள் பெருமளவு குறைந்தன. அமெரிக்காவும் 1970-இல் இத்தகைய பாதுகாப்பு உறைகளைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றியது.

குழந்தையின் இயல்பை மாற்றுவது கடினம். பொருளையும் அதன் இடத்தையும் மாற்றுவது எளிது. நம் நாட்டில் பெரும்பாலான மாத்திரைகள் அட்டைகளில் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுக்க வேண்டியிருப்பதே ஓரளவு தடைதான். வாரப் பெட்டியில் கொட்டி வைத்து, அந்தத் தடையையும் நானே நீக்கியிருந்தேன். பெரியவர்களுக்கு அப்பெட்டி நல்ல துணை, மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

பூட்ட வேண்டியவை

வீடு முழுவதையும் பூட்ட இயலாது. பூட்டினால் வாழவும் இயலாது. ஆகவே பட்டியல் குறுகியதாக இருக்க வேண்டும். அதைக் கடைப்பிடிப்பதில் தளர்வு இருக்கக் கூடாது.

மாத்திரைகள்: உயரமான இடம் மட்டும் போதாது, பூட்டும் வேண்டும். சாவி ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். ஊரிலிருந்து வரும் பாட்டி, தாத்தாவின் கைப்பையும் மருந்துப் பெட்டிதான். அவர்கள் வந்தவுடன் அன்புடன் கேட்டு வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். மாத்திரையைக் குழந்தையின் எதிரே விழுங்குவதைத் தவிருங்கள். மருந்து குடிக்க மறுக்கும் குழந்தையிடம் அதை “மிட்டாய்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

கற்பூரமும் தைலமும்: பூசை அறையின் கற்பூர வில்லையை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சளிக்குத் தடவும் நீலகிரித் தைலத்தைக் குடித்தாலும் மயக்கமும் வலிப்பும் நேரலாம். துணிகளுக்கிடையே வைக்கும் அந்துருண்டையும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. சில குழந்தைகளிடம் அது சிவப்பணுக்களை அழித்துவிடும்.

மண்ணெண்ணெய், பினாயில், கழிவறை அமிலம்: இவற்றைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே கைவிடுங்கள். குழந்தை புட்டியைத்தான் அடையாளம் காணும், உள்ளிருப்பதை அன்று.

எலிப் பசை: மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை கல்லீரலை அழிக்கும். முதல் ஓரிரு நாட்கள் எதுவும் தெரியாமல் இருந்து, பிறகே பாதிப்பு வெளிப்படலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது.

பொத்தான் மின்கலம்: ரிமோட், பொம்மை, எடைக் கருவி ஆகியவற்றில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுக்களை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே உடனடியாக எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். மலத்தோடு வெளிவரும் என்று காத்திருக்கக் கூடாது.

இப்பட்டியலில் பூட்ட இயலாத ஒன்றையும் சேர்க்கிறேன்: நீர் நிறைந்த வாளி. சிறு குழந்தையின் தலை உடலை நோக்கக் கனமானது; எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. பயன்படுத்தியபின் வாளியைக் கவிழ்த்து வைப்பதே அதற்குரிய பூட்டு.

கிழிந்த தலையணை, சுவரில் வரைந்த யானை, இறைந்து கிடக்கும் காலணிகள் ஆகியவற்றுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கத்துகிற வீட்டில், எது ஆபத்து என்பது குழந்தைக்குத் தெரியாமலே போய்விடும்.

பூட்டக் கூடாதது

அது குழந்தையின் வாய்.

நச்சு மருத்துவத்தில் முதல் மருந்து தகவல்தான். எதை விழுங்கியது, எத்தனை, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இரு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த விடையை அறிந்த ஒரே சாட்சி பெரும்பாலும் மற்றொரு குழந்தைதான். அச்சாட்சியை அச்சுறுத்தினால் நமக்குக் கிடைப்பது “நான் இல்லை” என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. “யார் செய்தது?” என்ற கேள்விக்குள் தண்டனை ஒளிந்திருப்பதை ஆறு வயதுக் குழந்தை நன்றாகவே அறியும். “என்ன நடந்தது?” என்று கேட்டால் அது கதையாகச் சொல்லும். என் தாயார் மருத்துவம் படித்தவரல்லர். அவர் கேட்டதுதான் மருத்துவக் கேள்வி.

அந்நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் வீட்டில் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். மருந்து, தீ, தண்ணீர், மின்சாரம், வாயில் போட்ட பொருள் ஆகிய ஐந்தைப் பற்றி எவன் வந்து உண்மை சொன்னாலும் அடி இல்லை, திட்டு இல்லை. முதலில் நன்றி சொல்வோம். மற்றவற்றைப் பிறகு பேசுவோம். இவ்விதியை ஒரு முறை மீறினால்கூடக் குழந்தைகள் அதன்பின் நம்ப மாட்டார்கள். ஆகவே பெற்றோர், தாத்தா, பாட்டி, வீட்டு வேலைக்கு வருபவர் என அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூத்த குழந்தையைத் தம்பிக்குக் காவலாளி ஆக்காதீர்கள். “நீ பெரியவன், நீதான் பார்த்துக்கணும்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆறு வயது பெரிய வயதன்று. வந்து சொல்வது அவன் கடமை. காப்பது நம் கடமை. விபத்து நேர்ந்தபின் மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைக்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் குழந்தையின் மனத்துக்கு மருந்து நாம்தான். அன்று காலை நான் மூத்தவனின் முன் மண்டியிட்டு, “பெட்டியைக் கீழே வச்சது அப்பாவோட தப்பு. நீ சொன்னதாலதான் தம்பி பிழைச்சான்” என்றேன். இரண்டும் உண்மை. அவன் அழுது முடித்த பிறகுதான் இரண்டு வாய் சோறு உண்டான்.

நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை

1. குழந்தையின் மூச்சையும் நினைவையும் பாருங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

2. வாயில் மிச்சம் இருந்தால், குழந்தையைத் துப்பச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுத்துவிடுங்கள். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.

3. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், புளிக்கரைசல், சோப்பு நீர், முட்டை வெள்ளை எதுவும் கொடுக்க வேண்டாம். மண்ணெண்ணெயும் அமிலமும் வெளியே வரும்போது இரண்டாம் முறை கேடு விளைவிக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். மயங்கிய குழந்தையின் வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

4. மாத்திரை அட்டை, புட்டி, பெட்டி எதுவாயினும் கையோடு கொண்டுவாருங்கள். எஞ்சியவற்றை எண்ணுங்கள். எத்தனை என்பதில் ஐயம் இருந்தால் அதிக எண்ணிக்கையையே மருத்துவரிடம் கூறுங்கள்.

5. இரண்டு குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். ஒருவன் விழுங்கிய இடத்தில் மற்றவனும் சுவைத்திருக்கலாம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

6. புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 116 117. இரவும் பகலும் ஆலோசனை பெறலாம். அதற்காக மருத்துவமனைக்குப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம்.

7. “ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்” என்று மருத்துவர் கூறினால் இருங்கள். குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் இருங்கள். இதை நான் சொல்வது அறிவுரையாக மட்டுமன்று.

வீடு திரும்பும் நோயாளிகளுக்கு

வீட்டில் ஒருவர் நோயுற்றுத் திரும்பும் முதல் சில வாரங்களில் மருந்துகள் மிகும்; குழந்தைகள் மேலுள்ள கண் குறையும். பெரியவர்கள் உறக்கமின்றிக் களைத்திருப்பார்கள். உறவினர்கள் வந்துபோவார்கள். மாத்திரை அட்டைகள் சாப்பாட்டு மேசையிலும் சன்னலோரத்திலும் இடம்பிடிக்கும். இதற்காக யாரையும் குறைகூற இயலாது. ஆகவேதான், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொள்ளும்போதே, “இவற்றுள் குழந்தை கையில் கிடைக்கவே கூடாதது எது?” என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். நிறுத்தப்பட்ட மருந்துகளை வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம். அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுக்கும் மருந்துகளுள் அதுவும் ஒன்றென எண்ணுங்கள்.

பல ஆண்டுகளாக எண்ணற்ற சீட்டுகளில் கிளிமிபிரைடு என்று எழுதிய நான், “வீட்டில் சிறு குழந்தை உண்டா?” என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். முதியவர்கள் பெரும்பாலும் முகம் மலர்ந்து, “ரெண்டு பேரன் இருக்காங்க சார், ஒரே அட்டகாசம்” என்பார்கள். அதன்பின் மாத்திரையை எங்கே வைக்கிறார்கள் என்று கேட்பேன். “தலைமாட்டுல” என்பதே பலரின் விடை.

எங்கள் வீட்டில் அந்த ஏழு அறைப் பெட்டி இப்போது இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. சாவி என் தாயாரின் இடுப்பில் இருக்கிறது. மற்றபடி எதுவும் மாறவில்லை. தலையணைகள் இன்னும் கிழிகின்றன. கணக்கு நோட்டு இன்னும் தொலைகிறது. சத்தம் நின்றால் மட்டும் நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

சென்ற வாரம் மூத்தவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “அப்பா, தம்பி கொய்யாப்பழ விதையை முழுங்கிட்டான். ஒண்ணு இல்ல, நிறைய.” நான் எழுந்து நின்று, வந்து சொன்னதற்கு நன்றி கூறினேன். அவன் திருப்தியுடன் தலையசைத்துவிட்டு, வயிற்றில் மரம் முளைக்குமா என்று விசாரித்தான். முளைக்காது என்று உறுதி கூறி இருவரையும் அனுப்பி வைத்தேன்.